துரை மாறினால் போதுமா?



இலங்கை அணி தோற்றால் லயத்து வாசலிலேயே "கோச்சை மாத்து" என்கிறோம். மாற்றித்தான் பார்த்தார்கள். 2011 உலகக் கிண்ணத்துக்குப் பின் ட்ரெவர் பெய்லிஸ் போனார். 2015 முடிவதற்குள் லோ, மார்ஷ், ஃபோர்ட், ஃபார்பிரேஸ், அத்தபத்து எனப் பலர் வந்து போனார்கள். மார்ஷ் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார். ஆனால் கோச் வரும்போதே ஒப்பந்தத்தோடு வருகிறார். நீக்கினாலும் அந்தக் காகிதத்தைக் காட்டி நியாயம் கேட்கலாம்.

நம் கையில் என்ன இருக்கிறது? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. துரைமார் எத்தனை பேர் மாறினார்கள்! லயம் அதே லயம்தான். கூரைத் தகரம் தருவதாக ஒரு துரை வாயால் சொல்வார், மாற்றலாகிப் போவார். அடுத்தவர் "எனக்குத் தெரியாது" என்பார்.

ஆகவே தோழர்களே, துரையை மாற்றச் சொல்லிப் பெரட்டுக் களத்தில் சத்தம் போடுவதோடு நிற்காதீர்கள். பேசித் தீர்த்ததை எழுதுங்கள். திகதி போட்டு, துரையிடமும் தலைவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாய்ச்சொல் துரையோடு போய்விடும். எழுத்து தோட்டத்தில் நிற்கும்.