கல்லூரியின் செலவு ஊருக்கு வரவாகட்டும்

(கல்வி நிலைய நிர்வாகிகள் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்லூரி நடத்துகிறவர்கள் ஒன்று கூடினால் மாணவர் சேர்க்கை பற்றிப் பேசுவோம், தேர்ச்சி பற்றிப் பேசுவோம். கல்லூரி எதை வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது என்ற பேச்சு மட்டும் அரிதாகவே வரும். கேண்டீனுக்கு அரிசி, காய்கறி வாங்குகிறோம். சீருடை தைக்கிறோம், விடைத்தாள் அச்சடிக்கிறோம், வெள்ளையடிக்கிறோம், மின்வேலை பார்க்கிறோம். இந்தப் பணம் ஊருக்குள் சுற்றுகிறதா, வந்த வேகத்தில் வெளியூர் போய்விடுகிறதா? இதை இன்று யோசிப்போம்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிரஸ்டன் என்றொரு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர். சுமார் 70 கோடி பவுண்டில் அங்கே வரவிருந்த வணிக வளாகத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து முதலீடு வரும் என்ற நம்பிக்கை போனபின், ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் பணத்தை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். நகர மன்றம், லங்காஷயர் மன்றம், காவல் துறை, ஒரு வீட்டுவசதி அமைப்பு ஆகியவற்றோடு இரண்டு கல்லூரிகளும் இதில் சேர்ந்தன. அவற்றில் பிரஸ்டன் கல்லூரி, பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குத் தொழிற்கல்வி தருவது. நம் நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளோடு ஒப்பிடத்தக்கது.

2012-13 கணக்கைப் புரட்டினார்கள். இந்நிறுவனங்கள் செலவிட்ட சுமார் 75 கோடி பவுண்டில் நகருக்குள் தங்கியது 5 சதவீதம்தான். லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலும் 39 சதவீதம். 2016-17இல் இவை 18 சதவீதமாகவும் 79 சதவீதமாகவும் உயர்ந்தன. நகருக்குள் செலவான தொகை 3.8 கோடியிலிருந்து 11 கோடி பவுண்டுக்கு மேல் போனது. அரசு நிதி குறைந்து, மொத்தச் செலவே சுருங்கிய காலத்தில் இது நடந்தது.

எப்படி முடிந்தது? "உள்ளூர்க்காரருக்கு மட்டும்" என்று அவர்கள் டெண்டரில் எழுதவில்லை. எழுதவும் முடியாது. இடம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதை அங்குள்ள கொள்முதல் விதிகள் தடுத்தன. எனவே சிறியவர்கள் நுழையும்படி வாசலைத் திருத்தினார்கள். பள்ளி உணவுக்கான பெரிய ஒப்பந்தம் ஒன்றைப் பால், முட்டை, பாலாடைக்கட்டி, தயிர் எனத் துண்டுகளாகப் பிரித்தார்கள். முழு ஒப்பந்தத்தையும் எடுக்க வசதியில்லாத உள்ளூர் வியாபாரிகள் தங்களால் முடிந்த பகுதிக்கு விலை கொடுத்து வென்றார்கள். பொருள்கள் லங்காஷயர் பண்ணைகளிலிருந்து வந்தன.

நமக்கும் இதே வழிதான். மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒப்பந்தத்தைப் பிரியுங்கள். கட்டடப் பராமரிப்பை மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் பெரிய கான்ட்ராக்டர்தான் வருவார். வர்ணம், குழாய், மின்சாரம், தச்சு வேலை என்று பிரித்தால் பக்கத்துத் தெரு மேஸ்திரியும் விலை கொடுக்க முடியும்.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள். வேலை எவ்வளவு, தரம் என்ன, டெபாசிட் எவ்வளவு என்பதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையிலும் வணிகர் சங்கத்திலும் ஒட்டுங்கள். சின்ன வேலைக்குப் பெரிய டெபாசிட் கேட்காதீர்கள்.

மூன்றாவது, பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள். பெரிய கம்பெனி ஆறு மாதம் காத்திருக்கும். தையல் கடை வைத்திருக்கும் சகோதரியால் முடியாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும்; அதில் 3 சதவீதம் பெண் தொழில்முனைவோருக்கு என்று ஓர் ஆணை இருக்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அப்படியொரு அளவை நாமே நமக்கு வகுத்துக்கொள்ள யார் தடை?

இங்கே ஒரு எச்சரிக்கை. உள்ளூருக்கு முன்னுரிமை என்று தொடங்குவது மெல்ல மெல்ல உறவினருக்கு முன்னுரிமை என்று முடிந்துவிடும். கமிட்டி உறுப்பினரின் மைத்துனர், தலைவரின் சம்பந்தி என்று ஒப்பந்தம் போனால், ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். விலை கொடுப்பவர் நமக்கு உறவென்றால் அந்த உறுப்பினர் முடிவெடுக்கும் அமர்விலிருந்து எழுந்து செல்ல வேண்டும். ஊர்க்காரர் என்றால் எந்த மதத்தவரும், எந்தத் தெருக்காரரும் ஊர்க்காரர்தான். தரத்திலும் சலுகை கூடாது. புழுத்த அரிசியை உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சாப்பிடப்போவது நம் பிள்ளைகள். நன்கொடையாளர் தந்ததும் பெற்றோர் கட்டியதும் நம் கையில் இருக்கும் அமானத்.

அடுத்த அமர்வுக்கு வரும்போது ஒரே ஒரு வேலை செய்து வாருங்கள். சென்ற ஆண்டுக் கொள்முதல் பேரேட்டை எடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே அந்தப் பணம் போன ஊரின் பெயரை எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். பிரஸ்டன்காரர்கள் தொடங்கியதும் அங்கிருந்துதான். நம் ஊரின் சதவீதம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, இன்ஷா அல்லாஹ், மேற்கொண்டு பேசுவோம்.