பெரும்பாடு

'பெரும்பாடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பெருந்துன்பம் என்பது ஒன்று. மாதவிடாயின்போது அளவுக்கு மிஞ்சிக் குருதி போகும் நோய் என்பது மற்றொன்று. பெயர் இருந்தும் அதனை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் தமிழர் வீடுகளில் அரிது. "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று தாய் மகளின் வாயை அடைத்துவிடுகிறாள். அவள் தாயும் அவ்வாறே செய்தவள்தான்.

ஆனால் இது பொறுத்திருந்தால் தீரும் நோயன்று. 1924ஆம் ஆண்டில், பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளிலிருந்த ஐந்து வயதுச் சிறுமியொருத்தியை எரிக் வொன் வில்லிபிராண்ட் என்னும் மருத்துவர் சோதித்தார். அவள் குடும்பத்தில் பலருக்கும் குருதி எளிதில் நிற்பதில்லை. அது பரம்பரை நோயென 1926இல் அவர் எழுதினார். இன்று அந்நோய் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சிறுமியோ தன் பதின்மூன்றாம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது, குருதியிழந்து இறந்தாள். அன்று அதற்குத் தக்க மருந்தில்லை, இன்று உண்டு. ஆதலால், பூப்பெய்திய நாள்முதல் மிகுதியாகக் குருதிபோகும் பெண்ணுக்கு, மூக்கிலிருந்தோ பல் பிடுங்கிய இடத்திலிருந்தோ குருதி நெடுநேரம் நில்லாதிருந்தால், அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

காரணங்கள் வேறும் பல. கருப்பையில் தோன்றும் நார்க்கட்டியும் சதைவளர்ச்சியும், சிலபோது புற்றுநோயும் காரணமாகும். சூல்முட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிப்படாவிடில் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் பின் ஒழுங்கின்றிக் கழியும். பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளிலும் மாதவிடாய் நிற்கும் வயதை அண்மிக்கையிலும் இது மிகுதி. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும் கருத்தடைச் சாதனங்களும் காரணமாகலாம். கருவுற்றிருத்தல் கூடுமாயின் அதனையே முதலில் சோதித்தறிவர்.

எது அளவு மிஞ்சியது? 1966இல் சுவீடனின் கொதன்பேர்க் நகரில் நிகழ்ந்த ஆய்வின் பயனாக, ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேற்படுவது மிகையென வகுக்கப்பட்டது. ஆனால் எந்தப் பெண் அளந்து பார்ப்பாள்? 2007இல் பிரித்தானிய வழிகாட்டி நெறிகள், அவளது அன்றாட வாழ்வைக் கெடுக்கும் எப்போக்கும் மிகையே என்று கொண்டன. அளவுகோல் அவளுடைய சொல்லாயிற்று.

24 நாட்களுக்கு முன்னரோ 38 நாட்களுக்குப் பின்னரோ வருதல், எட்டு நாட்களுக்கு மேல் நீடித்தல், ஓரிரு மணித்தியாலத்தில் துணி நனைந்துபோதல், பெரிய கட்டிகளாக விழுதல், இடைநாட்களிலோ உடலுறவின் பின்னரோ குருதி காணல் ஆகியவை கவனிக்கத்தக்கன. மாதவிடாய் முற்றாக நின்றபின் ஒரு துளி கண்டாலும் தாமதியாது மருத்துவரை நாடவேண்டும்.

இழந்த குருதியோடு இரும்புச்சத்தும் போகிறது. இளைப்பும் மயக்கமும் படிப்பில் மந்தமும் சோம்பலென்று ஏசப்படுகின்றன. சோதித்தால் குருதிச்சோகை தெரியவரும். கருப்பையை அகற்றிவிடுவார்கள் என்று அஞ்சியே பலர் வைத்தியசாலைக்குச் செல்வதில்லை. ஆயின் இரும்புச்சத்து மாத்திரை, குருதிப்போக்கைக் குறைக்கும் மருந்து, ஓமோன் சிகிச்சை என்பவற்றாலேயே பலர் குணமடைகின்றனர்.

நாட்களை ஒரு கொப்பியில் குறித்து, குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ காட்டினால் அதுவே பாதி உதவி. மகளிடம், "இம்மாதம் எப்படியம்மா?" என்று தாய் கேட்கும் வீட்டில் மற்றப் பாதியும் தொடங்கிவிடுகிறது.