பட்டத்தின் மேல் இடி விழுந்ததா?



பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்காவில் வாழ்ந்தவர். மழையில் பட்டம் விட்டார். பட்டத்தின் மேல் இடி விழுந்தது. மின்சாரத்தைக் கண்டுபிடித்தார். இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

இதில் எது உண்மை? எது கட்டுக்கதை?

மின்சாரத்தைப் பற்றி மக்களுக்கு முன்பே தெரியும். மின்னலும் மின்சாரம்தானா? இதுதான் பிராங்க்ளினின் கேள்வி.

1752ஆம் ஆண்டு ஜூன் மாதம். பிலடெல்பியா நகரம். கருமேகம் சூழ்ந்தது. பட்டுத் துணியால் செய்த பட்டத்தைச் சணல் நூலில் பறக்கவிட்டார். நூலின் முனையில் ஒரு சாவி. கையால் பிடிக்க ஒரு பட்டு நாடா. நாடா நனையக் கூடாது. அதனால் கூரையின் கீழ் நின்றார். மகன் வில்லியம் உதவினார். சாவி அருகே விரலைக் கொண்டுபோனார். சுரீரென்று தீப்பொறி பறந்தது.

பட்டத்தின் மேல் மின்னல் விழவில்லை. விழுந்திருந்தால் அவர் இறந்திருப்பார். மேகத்தின் மின்சாரத்தால் நனைந்த நூலிலும் சிறிதளவு மின்சாரம் ஏறியது. அவ்வளவுதான்.

1753இல் ரஷ்யாவில் ரிக்மன் என்ற விஞ்ஞானி மின்னலை ஆராய்ந்தார். வீட்டுக் கூரையில் கம்பி வைத்திருந்தார். மின்னல் தாக்கி இறந்துபோனார்.

உயர்ந்த கட்டடங்களில் இடிதாங்கி இருக்கிறதே, அது பிராங்க்ளினின் யோசனை. அந்தக் கம்பி மின்னலைப் பூமிக்குள் இறக்கிவிடும்.

‘இடி விழுந்தது’ என்கிறோம். இடி வெறும் சத்தம். விழுவது மின்னல். அது மின்சாரம். அதனால் இடி மின்னல் நேரத்தில் பட்டம் விடாதீர்கள். வயல்வெளியில் நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். உடனே நல்ல கட்டடத்துக்குள் போங்கள்.