உயர் பதவியும் கல்விமுறையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா ஒருவன், பெரு நிறுவனத் தலைவர்களைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நுழைவுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் காலனியில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவதில்லை என்பதை நாம் அறிவோம். சென்ற ஆண்டு என் இல்லமும் அவற்றுள் ஒன்று.

ஒருவர் உச்சிக்கு ஏறும் வழியை அவரது திறமை மட்டும் வகுப்பதில்லை; அவர் நாட்டுக் கல்விமுறையும் வகுக்கிறது.

பிரான்சு நாட்டைக் காண்போம். அங்கே பல்கலைக் கழகங்களினும் மேலாக மதிக்கப்படுபவை 'கிராண்ட் எக்கோல்' என்னும் உயர் கல்லூரிகள். பள்ளிப் படிப்புக்குப் பின் ஈராண்டு ஆயத்த வகுப்பில் பயின்று, கடும் போட்டித் தேர்வு எழுதி அவற்றுள் புகுவதே பெருவழக்கு. 1794இல் தோன்றிய எக்கோல் பாலிடெக்னிக் அத்தகையது. உயர் அரசு அலுவலரைப் பயிற்றுவிக்க 1945இல் தேசிய நிர்வாகப் பள்ளி நிறுவப்பட்டது. அதில் தேறியோர் பலர் அரசுப் பணியிலிருந்து நேரே பெரு நிறுவனங்களின் தலைமையில் சென்று அமர்ந்தனர். 1996 முதல் 2006 வரை பிரெஞ்சு ரயில்வேயின் தலைவராயிருந்த லூயி கலுவா அப்பள்ளியில் பயின்றவரே. இளமையில் எழுதிய தேர்வு முதுமை வரை பேசுகிறது! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இம்முறை பயன்படுகிறது என்ற குறை வலுத்தது. 2022இல் அப்பள்ளிக்குப் பதிலாக வேறு நிறுவனம் அமைந்தது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே தொழிற்சாலையிலும் பள்ளியிலும் மாறி மாறிப் பயிலும் தொழிற்பயிற்சி முறை உண்டு. கார் மெக்கானிக்காகப் பயிற்சி பெற்ற யூர்கன் ஷ்ரெம்ப், பின்னர்ப் பொறியியல் பயின்று, 1995இல் டைம்லர்-பென்ஸ் தலைவரானார். 1989இல் டாய்ச் வங்கியில் பயிற்சியாளராகச் சேர்ந்த கிறிஸ்டியன் செவிங், 2018இல் அவ்வங்கியின் தலைவரானார். ஆயின் அம்முறையும் குறையற்றதன்று. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதளவிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்து விடுகின்றனர்.

நம் நாட்டில் 1951இல் கரக்பூரில் ஐ.ஐ.டி.யும், 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.களும் தோன்றின. நாட்டுக்கு அவை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் பிரான்சைப் போலவே நாமும் ஒரு தேர்வையே ஒரே வாயிலாகக் கருதத் தொடங்கிவிட்டோம்.

அது ஒரே வாயில் அன்று. நாமக்கல்லை அடுத்த மோகனூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்ற என். சந்திரசேகரன், கோவையிலும் திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியிலும் கற்று, 1987இல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை அதிகாரியாகவும், 2017இல் டாடா சன்ஸ் தலைவராகவும் உயர்ந்தார். எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று நான் கூறவில்லை. வேறு வழியும் உண்டு என்பதே என் கருத்து.

ஆதலின் ஒரு வேண்டுகோள். நம்மிடையே டர்னர், கணக்கர், நர்ஸ், ஆசிரியர் எனப் பல தொழிலறிந்தோர் உள்ளனர். மாதம் ஒரு மாலை அவர்கள் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, தம் தொழிலுக்குரிய படிப்பையும் வழிகளையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இறுதியாக, சென்ற ஆண்டு தேர்வு முடிவு வந்த அன்று என் மகனிடம் ஒரு கடுஞ்சொல் கூறினேன். அவன் இந்த அவையில்தான் இருக்கிறான். அச்சொல்லை உங்கள் முன்னிலையில் திரும்பப் பெற்றுக் கொள்கிறேன்.