நாற்பதாண்டுத் தற்காலிகம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'அகதி' என்னும் சொல்லை நம் கவிதைகளில் தாராளமாகவே கையாண்டிருக்கிறோம். கதியற்றவர் என்பது அதன் பொருள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அச்சொல்லை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் சூட்டியது. மகிழ்ச்சியே. ஆயினும் பெயர்ப்பலகையில் 'முகாம்' என்ற சொல் அப்படியே நின்றுவிட்டது. முகாம் என்பது படை தங்கிச் செல்லும் இடம். அங்கே மூன்று தலைமுறை பிறந்து வளரலாமோ?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 2012 வரை இங்கு வந்தோர் 3,04,269 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. பலர் திரும்பினர், சிலர் வேறு நாடுகளுக்குப் பெயர்ந்தனர். 2021இல் ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களில் எஞ்சியிருந்தனர். நம் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலும் முகாம் உண்டு. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் அவ்வூரைக் கடக்கிறார்கள், நாமும் கடக்கிறோம்.

ஒரே நாட்டவர் 25,000 பேரேனும் ஐந்தாண்டுகளுக்கு மேல் புகலிடத்தில் இருந்தால் அதை நீடித்த நிலை என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். நம்மிடம் வந்தவர்களுக்கோ அது எட்டு மடங்காகிவிட்டது. அரிசி கொடுத்தோம், பணக்கொடை கொடுத்தோம், பள்ளியில் சேர்த்தோம். இதைக் குறைத்துரைப்பது நன்றியன்று. ஆனால் யாவும் நாளையே திரும்பிவிடுவார்கள் என்ற நினைப்பில் கொடுத்தவை. பத்துக்குப் பத்தடிக் குடிசை அந்த நினைப்பின் அளவு. கணக்கெடுப்பு நாளில் முகாமில் நேரில் நிற்காவிடில் பணக்கொடை நின்றுபோகும் என்றிருந்தால், வெளியூர் வேலைக்கு எவர் துணிவார்? பட்டம் பெற்ற இளைஞர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சென்ற கதை முகாம்தோறும் உண்டு.

திபெத்தியர் 1959இல் வந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மைசூர் அரசு பைலகுப்பேயில் காடு சார்ந்த நிலத்தைக் குத்தகைக்கு வழங்கிற்று. உழுதார்கள், கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள், மடாலயம் எழுப்பினார்கள். திரும்பும் ஆசையை அந்த நிலம் அழித்துவிடவில்லை. ஓரிடத்தில் ஊன்றி நிற்பவனே திரும்பும் நாளில் எதையேனும் கையில் கொண்டு செல்வான் என்பது என் துணிபு.

இங்கே வீட்டினும் பெரிய பஞ்சம் தாளுக்கு. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது 2022இல். 2024இல்தான் அவர் முதன்முறை வாக்களித்தார். ஈராண்டு கழித்து அதே மண்டபத்தில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இல்லாவிடில், அந்த உரிமையும் கிடையாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. திரும்ப விழைவோருக்கும் இலங்கைத் தூதரகத்தில் பதிந்த பிறப்புச் சான்று வேண்டும். அதற்காக, 1984இல் சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. எத்திசை நோக்கினும் தாள் முதலில். எனவே நெடுங்காலத் திட்டம் என்று ஒன்று தீட்டினால் அது பிறப்புச் சான்றில் தொடங்கவேண்டும், அரிசி மூட்டையில் அன்று.

2021இல் அறிவித்த 7,469 புதிய வீடுகள் நல்ல தொடக்கம். வீட்டுக்குள் இருப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் டெல்லியில் கிடக்கிறது.

கவிஞர்களுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். ஈழத்துயரைப் பாடிய நம் அரங்கில் முகாமில் வாழும் ஒருவர் தம் கவிதையைப் படிக்க நான் கேட்டதில்லை. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை அடி அண்ணாமலையில் நடத்தலாம். அவர்களை விருந்தினராக அன்றி உறுப்பினராகச் சேர்க்கலாம். அனுமதி கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேதான் இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் கையொப்பமிட வேண்டுகிறேன்.