கோடரி கேட்டவர்கள்



அந்தமான்காரன் மேடையேறினால் செல்லுலார் சிறையைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கச்சால் தீவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். (2024-இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.) கப்பலில் மூன்று நாள். பங்க் வகுப்பில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டாம் நாள் குடலே வாய்க்கு வந்துவிடும். அப்போது பக்கத்துப் படுக்கைக்காரர் தன் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை நீட்டுவார். அவர் தெலுங்கராக இருப்பார், வங்காளியாக இருப்பார், ராஞ்சிப் பக்கத்து ஆளாக இருப்பார். உங்கள் பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார். 2011 கணக்கெடுப்பில் எங்கள் தீவுகளில் 3.8 லட்சம் பேர். அதில் தமிழர் நூற்றுக்குப் பதினைந்து. மிச்சம் எண்பத்தைந்து பேரோடு ஒட்டி உறவாடாமல் அங்கே ஒரு நாள் ஓட்ட முடியாது.

கச்சாலுக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்த அந்தச் சனங்களிடம், போகிறாயா, இருக்கிறாயா என்று முதலில் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தார்கள். பிறகு நீலகிரிக்கும், கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும், கேரளத்துப் புனலூருக்கும் தோட்டவேலைக்குப் போனார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் 1970-களில் மறுபடியும் கடல் கடந்து, நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலுக்கு, ரப்பர் பால் வெட்டப் போனது.

அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகிவிடும், மேலோட்டமாகப் போனால் சொட்டுப் பால் வராது. மழை பிடித்தால் வெட்டு நின்றுபோகும். நிக்கோபாரில் மழைக்கா பஞ்சம்! இப்படித்தான் அவர்கள் அங்கே காலூன்றினார்கள்.

ஆனால் அந்த மண் நிக்கோபாரிகளுடையது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அனுமதிச் சீட்டில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. நம் ஆட்களின் உழைப்பைப் பாராட்டும் மேடைகளில் இந்த ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. தோட்டம் எழுந்தது நிக்கோபாரிகளின் காட்டில்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் நாகப்பட்டினமாகவும் மெரினாவாகவும் பார்த்தீர்கள். நிக்கோபாரில் படம் பிடிக்க ஆளில்லை. நிலமே பல அடி தாழ்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. கச்சாலின் கரையோர ஊர்கள் துடைத்தெடுக்கப்பட்டன. நிக்கோபார் மாவட்டத்தில் 2001-இல் 42,068 பேர், 2011-இல் 36,842 பேர். மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் உதவி வந்து சேரும்வரை நாட்கணக்கில் இளநீரையும் தேங்காயையும் வைத்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் கப்பலாகப் போர்ட் பிளேருக்கு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. எங்கள் ஊர்ச் சனங்கள் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நான் உங்களிடம் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு நடந்தது. நிக்கோபார்த் தீவுகளில் இன்னொன்றான கார் நிக்கோபாரில் ஊர்த்தலைவரைக் கேப்டன் என்றுதான் அழைப்பார்கள். அந்தக் கேப்டன்கள் அரசிடம் கருவிகளைக் கேட்டார்கள். கோடரி, ரம்பம், ஆணி கொடுங்கள், எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. தலைமுறை தலைமுறையாகக் கால் நட்டு, மரமும் புல்லும் கொண்டு வீடு கட்டியவர்கள் அவர்கள். கிடைத்தவை தகரக் கொட்டகைகள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில், தகரம்! பிறகு தீவுகள் முழுக்க 9,000-க்கும் அதிகமான நிரந்தர வீடுகள் வந்தன. அவற்றுக்கான இரும்பும் பலகையும் பெருநிலத்திலிருந்து கப்பலில் போயின. நிக்கோபாரிகளுடைய துஹெத் நம் பழைய கூட்டுக்குடும்பம் போன்றது. நிலமும் தென்னையும் பன்றியும் எல்லாருக்கும் பொது. நிவாரணப் பணமோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனித்தனிக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அலைக்குத் தப்பிய பல துஹெத்துகள் அந்தப் பணத்தில் உடைந்தன. இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரவு பகல் பாராமல் உழைத்த அதிகாரிகள், கைக்காசைப் போட்ட நல்லவர்கள். கேட்டதைக் காதில் வாங்கவில்லை, அதுதான் அவர்கள் செய்த பிழை.

அதே மாதங்களில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழந்துணிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. அவையும் நல்ல மனத்தோடு அனுப்பப்பட்டவைதாம்.

நிக்கோபாரிகள் மறுபடி தென்னை நட்டார்கள். அது காய்க்க ஆறேழு வருடம் ஆகும். நிவாரணப் பணம் அதுவரை தாங்காது என்று தெரிந்தேதான் நட்டார்கள்.

அன்பான சங்கத்தாரே, எங்கோ ஒரு புயல், ஒரு வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் நிதி திரட்டுகிறீர்கள். அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இனி உண்டியலை எடுக்குமுன், அடிபட்ட ஊரில் ஒருவரையாவது தொலைபேசியில் பிடித்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். கோடரி என்று சொன்னால் கோடரியையே அனுப்புங்கள்.