பொறியைக் கவனித்தால் பயிரைக் காக்கலாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்ல மக்காச்சோளம் போடுறவங்க இந்தக் கூட்டத்துல நிறையப் பேர் இருக்கீங்க. 2018-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அதிலிருந்து இனக்கவர்ச்சிப் பொறி நமக்குப் பழகிய சாமான்தான். ஆனால் கம்பு ஊன்றி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பழுதான பொறி சும்மா இருக்காதுங்க, பொய் சொல்லும். பை கிழிஞ்சிருந்தா விழுந்த அந்துப்பூச்சி வெளியே போயிரும். "ஒண்ணும் விழலை, பூச்சி இல்லை"னு நாம திரும்பிருவோம். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா குருத்தெல்லாம் சல்லடையா இருக்கும்.

பொறிக்குள்ளே இருக்கிற சின்ன ரப்பர்க் குப்பியை 'லூர்' என்கிறோம். அதில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை இருக்கும். அதை நம்பி ஆண் பூச்சி வந்து, புனல் வழியாகப் பைக்குள் விழும். முட்டை இடும் பெண் பூச்சி இதில் சிக்காது; புழுவும் சிக்காது. ஆகவே பொறி என்பது காவல்காரன் மாதிரி. பூச்சி வந்துவிட்டதா என்று சொல்லும். அந்தக் கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 பொறி போதும்.

இனி பராமரிப்புக்கு வருவோம்.

பை: அடிமுனைக் கட்டு அவிழ்ந்திருக்கா, ஆடு இழுத்துக் கிழிச்சிருக்கான்னு பாருங்க. அடியில் சின்னக் கிழிசல் என்றால் அதற்கு மேலே இறுக்கிக் கட்டினால் போதும். பெரிசா இருந்தா பையை மாத்திருங்க. விழுந்த பூச்சியை எண்ணி, கொட்டி, திரும்பக் கட்டணும். எறும்பு ஏறித் தின்னுட்டா கணக்கு தப்பும். கம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள்.

மூடி: உடைந்திருந்தால் மழைத்தண்ணீர் பையில் இறங்கும். மாற்று மூடி போடுங்க.

லூர்: பெரும்பாலும் 3 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நாளைப் பாருங்க. மருந்து, எண்ணெய் பட்ட கையால் தொடக்கூடாது. பருத்திக் காய்ப்புழு லூரையும் இதையும் ஒரே பொறியில் வைக்கக்கூடாது. பழைய லூரைப் புஞ்சையிலேயே எறிஞ்சா மிச்ச வாசனை பூச்சியைத் திசை திருப்பும்.

கம்பு: கரிசல் நனைஞ்சா இளகும், கம்பு சாயும். நிமிர்த்தி ஊன்றுங்கள். பொறி பயிருக்கு ஓரடி மேலே நிற்கணும். பயிர் வளர வளர உயர்த்திக் கட்டணும்.

அறுப்பு முடிந்ததும் பொறியைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டி வையுங்கள். அடுத்த வருஷம் பையும் லூரும் வாங்கினால் போதும்.

கவனிக்காமல் விட்ட பொறி கெடுதல் செய்வது நம் புஞ்சையில் மட்டும் இல்லை. கடலில் தொலைந்துபோன நண்டுக் கூடு, எடுப்பார் இல்லாமல் கிடந்தாலும் நண்டைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். உள்ளே மாட்டியது செத்து, அதுவே அடுத்த நண்டுக்கு இரையாகும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், வர்ஜீனியா மாநில மீனவர்கள் 2008 முதல் 6 குளிர்காலங்களில் அப்படிக் கிடந்த 30,000-க்கும் மேற்பட்ட கூடுகளை எடுத்தார்கள். அங்கே கூட்டுக்குப் போவது நண்டின் உயிர். இங்கே போவது நம்ம கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை.

வரவு செலவு எழுதப் பழகிய கை நம்முடையது. தேதி, பொறி எண், விழுந்த பூச்சி என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டு வையுங்கள். எண்ணிக்கை கூடினால் உடனே இலையைத் திருப்பிப் பாருங்க. பஞ்சு போல முடி மூடிய முட்டைக் குவியல் இருக்கும். ஒரு குவியலில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். கையாலேயே நசுக்கிரலாம். புழு சின்னதாக இருக்கும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். குருத்துக்குள் இறங்கிவிட்டால் கடும் மருந்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் பலர் விஷம் ஏறி இறந்தார்கள். நம்ம ஊர்லயும் மருந்து அடிச்ச புஞ்சைக்குள்ள களையெடுக்கப் போறது நாமதானே?

ஆகவே வர்ற குழுக் கூட்டத்தில், யாரிடம் எத்தனை பொறி இருக்கு, எதுக்குப் பை இல்லை, எதுக்கு மூடி இல்லைன்னு கணக்கெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லாக் குழுவும் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி இந்த வேலை முடியணும்.